முறை வைத்துக் குளிப்பவள்

அன்று ஏழாவது மிளகுக் கொடியின் முறை. அத்தாயி பலாமரத்தைச் சுற்றிப் பழைய சேலையை மறைப்பாகக் கட்டி, பலகைக் கல்லைப் புரட்டிப் போட்டு, அதன்மேல் நின்று அரைக் குடத்தில் குளித்து முடித்தாள். மறுநாள் மறைப்பும் கல்லும் எட்டாவது மரத்துக்கு நகரும். சோப்பைத் தொட்டு ஒரு வருஷம் ஆகிறது, பயத்தமாவுதான். "சோப்புத் தண்ணி வேருக்கு ஆகாதுங்க. நான் மணந்து என்ன, காய்க்கவா போறேன்?" என்பாள்.

மலைமேல் அரியூர் நாட்டில் இரண்டு வருஷமாக மழை ஏமாற்றிவிட்டது. ஊற்றில் தினம் வீட்டுக்கு நாலு குடம்தான். பலாமரங்களில் ஏற்றிவிட்ட பன்னிரண்டு மிளகுக் கொடிகளுக்கும் இது மூன்றாவது கோடை. தாண்டினால் காய்ப்பு; தவறினால் மூன்று வருஷப் பாடும் மண்ணோடு மண். அதனால் விருந்தாளி கை கழுவ எழுந்தாலும் அத்தாயி பின்னாலேயே போவாள். "அந்த மூணாவது கொடிகிட்ட நின்னு கழுவுங்க சாமி." அவர்கள் சிரிப்பார்கள். அவள் சிரிப்பதில்லை. சிரிக்கவும் தெம்பு வேண்டுமே.

மகள் கோகிலாவுக்குத் தலைப்பிரசவம். முறைப்படி தாய்வீட்டுக்கு அழைத்திருக்க வேண்டும், அழைக்கவில்லை. "புள்ளயக் குளிப்பாட்டத் தண்ணியில்லாத ஊட்டுக்கு எந்த மொகத்த வெச்சுக் கூப்புடறது?" அதைச் சொல்லும்போது மட்டும் அத்தாயியின் குரல் உடையும்.

அன்று மத்தியானமே பஸ்ஸில் சேதி வந்தது. மலையடிவாரத்தில், பேளுக்குறிச்சி மாமியார் வீட்டில், கோகிலாவுக்குப் பெண் குழந்தை. ஆறு நாளாவது கூட இருக்க வேண்டும். அத்தாயி கணவர் குழந்தைசாமியிடம் கெஞ்சினாள். குளியலுக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம்.

"தெனமும் குளிச்சிருங்க. கல்ல மட்டும் அடுத்த கொடிக்கு நவுத்திப் போட்டுக்கோங்க."

"செரி செரி, நீ போயிட்டு வா."

ஏழாம் நாள் திரும்பியபோது ஒரே ஒரு கொடி தளதளவென்று நின்றது. மற்ற பதினொன்றும் இலை சுருண்டு தொங்கின. மனிதர் சொன்னபடி தினமும் குளித்திருக்கிறார். மற்ற கொடிகளுக்குப் பிரித்து ஊற்றும் கழனித் தண்ணீரையும் அங்கேயே கொட்டியிருக்கிறார். கல்லைத்தான் நகர்த்தவில்லை.

"கல்லு கனமா இருந்துச்சு புள்ள" என்றார்.

அந்தக் கல்லைத் தினமும் புரட்டுகிறவளுக்குத் திட்டுவதற்கும் அலுப்பாக இருந்தது. அவர் தயங்கித் தயங்கிக் குடிக்க ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். பஸ்ஸில் எழுபது மலை வளைவு சுற்றி வந்ததில் தொண்டை காய்ந்திருந்தது. ஒரு வாய் குடித்தாள். அடுத்த வாயை எடுத்துக்கொண்டு, மிகவும் வாடியிருந்த கொடியிடம் போய், சொம்பை அதன் அடியில் கவிழ்த்தாள். பிறகு குனிந்து, விழுங்காமல் வைத்திருந்த அந்த வாய்த் தண்ணீரையும் வேரில் விட்டாள்.