வலையில்லாத கோல்போஸ்ட்

ஸ்டீபன்ராஜ் இருபது வருஷம் கோல்போஸ்ட்டுக்கு முன்னால் நின்றார். அதற்கப்புறம் பின்னால் நிற்கிறார். மற்ற கோச்சுகள் எல்லைக்கோட்டோரம் நின்று தொண்டை கிழியக் கத்துவார்கள். இவருக்கோ கோல்போஸ்ட்டுக்குப் பின்னால் நின்றால்தான் ஆட்டமே கண்ணுக்குத் தெரியும்.

மில் டீமுக்குக் கீப்பராக இருந்த காலத்தில் திண்டுக்கல்லின் சரளை மைதானங்களில் விழுந்து விழுந்து முழங்கால் இரண்டும் போயின. இடது கையில் இரண்டு விரல் இன்னும் மடங்காது. டீமைக் கலைத்தபோது வேறு வேலை தெரியாததால் கோச் ஆனார், ஆசைப்பட்டெல்லாம் இல்லை. இப்போது ஒரு தனியார் பள்ளியின் பெண்கள் அணி அவர் பொறுப்பில் இருக்கிறது. அவர் அணி லேசில் கோல் வாங்காது. லேசில் கோல் போடவும் போடாது. கீப்பரிடம் வேறு என்னத்தை எதிர்பார்ப்பது?

பள்ளித் தாளாளருக்கு அது போதவில்லை. "இந்த வருஷமும் கப் இல்லேன்னா வேற ஆளப் பாத்துக்குறோம் மாஸ்டர்" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். இந்த வயதில், இந்தக் காலோடு, இன்னொரு பள்ளியில் போய் வேலை கேட்பதை நினைத்தாலே ஸ்டீபன்ராஜுக்கு அலுப்பாக இருந்தது.

இறுதிப்போட்டி நல்ல வெயிலில் தொடங்கியது. வலை கொண்டுவருவதாகச் சொன்ன ஆள் வரவேயில்லை. வெறும் கம்பங்களை வைத்தே ஆடினார்கள். முடியப்போகிற நேரம்வரை இரண்டு பக்கமும் கோல் இல்லை. டிரா ஆனால் பெனால்டி. பெனால்டியில் அவருடைய கீப்பர் ஷைனியை ஏமாற்றுவது சுலபமில்லை. கப் வந்த மாதிரிதான் என்று அவருக்கே தோன்றிவிட்டது.

அப்போதுதான் எதிரணியில் ஆடிய பேகம்பூர்ப் பெண் ஃபர்ஹீன் தூரத்திலிருந்து ஓங்கி அடித்தாள். ஷைனி பாய்ந்தாள்; எட்டவில்லை. பந்து கம்பத்தை ஒட்டிப் போய்ப் பின்னால் புழுதியில் உருண்டது. உள்பக்கமா, வெளிப்பக்கமா? பின்தங்கி ஓடிவந்த ரெஃப்ரிக்குத் தெரியவில்லை. வெளியே என்று கை காட்டினார்.

"கோல் சார்! சத்தியமா கோல்!" என்று ஃபர்ஹீன் கத்தியதை யாரும் காதில் வாங்கவில்லை.

பந்து ஸ்டீபன்ராஜின் காலடியில் வந்து நின்றது. எடுத்தார். நடு மைதானத்துக்கு ஒரே உதை.

உதைத்த பிறகுதான் உறைத்தது. வெளியே போன பந்தைக் கீப்பர் கோல்போஸ்ட்டுக்குப் பக்கத்தில் வைத்துத்தான் ஆடுவான். கோல் வாங்கிய கீப்பர்தான் பந்தை நடுவுக்கு அனுப்புவான். கோல் வாங்கி வாங்கிப் பழகிய கால், அவரைக் கேட்காமலே உதைத்துவிட்டது. ரெஃப்ரி அவர் முகத்தைப் பார்த்தார். விசிலை ஊதி, கோல் என்று நடுவைக் காட்டினார்.

கப் கைவிட்டுப் போனது. தாளாளர் மைதானத்திலேயே அவர் வேலைக்கும் கணக்கை முடித்துவிட்டார். ஃபர்ஹீன் ஓடிவந்து, "உங்கள மாதிரி யாரு சார் இருப்பா?" என்று இரண்டு கையாலும் கும்பிட்டாள். அவளை நிமிர்ந்து பார்க்க அவரால் முடியவில்லை.

வீட்டில் மனைவி அன்னாளுக்குச் செய்தி முன்பே வந்திருந்தது. சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"நேர்மையான மனுசன்னு ஊரே பேசுது. இனிமே அத வச்சு என்ன செய்யப் போறோம்?"

ஸ்டீபன்ராஜ் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"நேர்மையும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. யோசிக்கச் செத்த நேரம் கெடைச்சிருந்தா வெளியேன்னுதான் சொல்லிருப்பேன்."

வேலை போனதைவிட அதுதான் அவருக்கு அதிகமாக வலித்தது.