வராதவர்கள் கணக்கு

"மேடம், கம்ப்யூட்டரைத் தட்டினா விடை வந்துடும்தானே?" என்று இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் கேட்கிறார்கள். வரும், பேஷாக வரும். தப்பு விடையும் அதே வேகத்தில்தான் வரும்.

தொண்ணூறுகளின் நடுவில் ஆழ்வார்பேட்டையில் ஒரு மருந்து கம்பெனியில் புள்ளியியல் பிரிவுக்கு நான் தலைவி. மார்பகப் புற்றுநோய்க்கான புது மாத்திரை ஒன்றைப் பழைய மாத்திரையோடு ஒப்பிட்டு ட்ரயல் நடத்திக்கொண்டிருந்தோம். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். யாருக்கு எது என்ற விவரம் சீல் வைத்த உறையில் இருந்தது. ட்ரயல் முடியும்வரை எவரும் அதைப் பிரிக்கக் கூடாது.

எங்கள் விதிமுறையில் ஒரு வரி உண்டு: செக்கப்புக்கு வராதவருக்கு மருந்து தோற்றுவிட்டதாகக் கொள்ள வேண்டும். பாதி வழியில் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். பகீர் என்றது. வராதவர்கள் அத்தனை பேர்! அப்படியே கொடுத்தால், மருந்து பலிக்கவில்லை என்று ட்ரயலைக் கண்காணிக்கும் கமிட்டி அதை மூடிவிடும். இலவசமாக மாத்திரை வாங்கிய எல்லாப் பெண்களுக்கும் அது நின்றுபோகும்.

கம்பெனி எம்.டி. மயிலாப்பூர்க்காரர், பதறவே மாட்டார். "கவலைப்படாதேள். உறையைப் பிரிச்சுப் பாத்துண்டு, புது மாத்திரை சாப்பிட்டவாளை மட்டும் தேடிப் பிடிங்கோ. மத்தவா எப்படிப் போனா நமக்கென்ன?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "தேடினா எல்லாரையும் தேடணும், சார். யார் எதைச் சாப்பிட்டாங்கன்னு தேடறவங்களுக்குத் தெரியவே கூடாது. இல்லேன்னா ரிப்போர்ட்ல என் கையெழுத்து கிடையாது."

"கமிட்டி அடுத்த வாரம் கூடறது. யார் போய்த் தேடறதாம்?"

"நானே போறேன்" என்று வாய் முந்திக்கொண்டது.

பிரிவில் இருந்தவர்கள் ஊரைப் பங்கு போட்டுக்கொண்டோம். எனக்கு விழுந்தது பட்டினப்பாக்கம். நோய்ப் பேச்சை நாலு பேர் எதிரில் எடுக்கக் கூடாது. அதனால், நான் தேடிப் போன பிலோமினாவின் மீன் கடை முன்னால் மீன் வாங்குகிறவளாகத்தான் நிற்க வேண்டியிருந்தது. பிறந்ததிலிருந்து மீனைத் தொட்டதில்லை.

"கொயம்பா, வறுவலாம்மா?" என்றாள்.

"ரெண்டும் இல்லை" என்று உளறினேன்.

மேலும் கீழும் பார்த்தாள். "அப்ப இன்னாத்துக்கு, வளக்கவா?"

பக்கத்துக் கடைப் பெண்கள் சிரித்து ஓய்ந்த பிறகு, குனிந்து அவள் மாத்திரை வாங்கும் ஆஸ்பத்திரியின் பெயரைச் சொன்னேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னை ஓரமாக அழைத்துப் போனாள்.

"ஏம்மா செக்கப்புக்கு வரலை?"

"நோவு இருந்தா வரமாட்டேனா? ஏலத்துக்குப் போய்க்கினு, யாவாரம் பாத்துக்கினு நல்லாத்தானே கீறேன்? நல்லா கீறவ அந்த வரிசைல குந்திக்கினு இன்னா பண்றது? மொத்தமா குடுத்தனுப்ன மாத்திரைய கரீட்டா முழுங்கறேன்."

அவளைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. "வந்து ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிடும்மா" என்றேன். மறுநாளே போய்க் காட்டினாள். அவளிடம் நான் வாங்கிய வஞ்சிர மீன் ஆபீஸ் டிரைவர் வீட்டுக்குப் போனது.

எல்லா வீட்டிலும் இப்படி இல்லை. சில வீடுகளில் மாலை போட்ட படம்தான் எங்களை எதிர்கொண்டது. அதையும் உள்ளபடியே எழுதினோம். ஆனால் வராதவர்களில் பலர், நன்றாக இருந்ததால்தான் வரவில்லை. டாக்டர்கள் அவர்களைப் பரிசோதித்த பிறகு, பழைய கணக்கு, புதுக் கணக்கு இரண்டையும் கமிட்டி முன் வைத்தோம். ட்ரயல் தொடரலாம் என்றார்கள். எம்.டி. ஆபீஸ் முழுக்கக் காபி வாங்கிக் கொடுத்தார்.

கடைசியில் உறையைப் பிரித்தபோது, புது மாத்திரை கொஞ்சம் கூடுதலாகவே வேலை செய்திருந்தது தெரிந்தது. பிலோமினா அதைத்தான் சாப்பிட்டிருப்பாள் என்று மனசுக்குள் பந்தயமே கட்டியிருந்தேன். பார்த்தால், அவளுக்குக் கொடுத்தது பழைய மாத்திரை! எம்.டி. சொன்னபடி தேடியிருந்தால் நான் அவள் கடைப் பக்கமே போயிருக்க மாட்டேன். உட்கார்ந்து மீன் வெட்டுகிறவளை மருந்து பலிக்காதவள் என்று எழுதி, நல்ல கணக்கு என்று நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

டாக்டரின் சம்மதத்தோடு அவளிடம் நானே விஷயத்தைச் சொன்னேன்.

"பழசா இருந்தா இன்னா, புச்சா இருந்தா இன்னா? நான் கீறேனா இல்லியா, மொதல்ல அத்த வந்து பாத்து எய்திக்கோ" என்றாள்.

அதன் பிறகு என் பிரிவில் சேர்ந்த ஒவ்வொருவருக்கும் நான் முதலில் சொல்லிக்கொடுத்தது அதைத்தான்.