பூமியைக் குளிர்விக்கும் பதாகை

பூமி சூடாகிறது என்று சொல்லக் கூட்டிய செயலமர்வில் எனக்குப் பற்கள் தந்தியடித்தன. கண்டி வாவிக்கு மேலே இருக்கிற ஹோட்டல் மண்டபம். ஏசியை அப்படி விட்டிருந்தார்கள். தெல்தோட்டைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வேனில் வந்திருந்த பத்துப் பெண்கள், சேலைத் தலைப்பால் காதை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் மொழிபெயர்ப்பாளர். குண்டசாலையிலிருந்து பஸ்ஸில் வருகிறேன் என்றவளுக்குத் தனி ஜீப் அனுப்பினார்கள். நானும் வேண்டாமென்று சொல்லவில்லை.

வெயில் கூடியிருப்பதில் எனக்குச் சந்தேகமில்லை. என் வீட்டு மாடி அறையில் பகலில் இருக்க முடிவதில்லை. என் சந்தேகமெல்லாம் அதைப் பற்றிப் பேசுவதையே பிழைப்பாக்கிக்கொண்டவர்கள் மேல்தான். ஒன்றரை மணிநேரம் பேசுவதற்காக இரண்டு விமானம் மாறி வந்த நிபுணர், பிளாஸ்டிக்கைக் கைவிடச் சொல்லிவிட்டு, பிளாஸ்டிக் போத்தலைத் திறந்து தண்ணீர் குடித்தார். அவருக்குப் பின்னால் சுவர் அகலத்துக்கு ஒரு பிளாஸ்டிக் பதாகை: ‘பூமியைக் குளிர்விப்போம்’, மூன்று மொழியிலும். வெளியே அவர்களுடைய வாகனங்கள் எஞ்சினை அணைக்காமலே நின்றன. ஏறும்போது உள்ளே சூடாக இருக்கக் கூடாதாம்.

‘காபன் அடிச்சுவடு’ என்று நான் மொழிபெயர்த்ததும் முன்வரிசைப் பெண்கள் குனிந்து தங்கள் கால்களைப் பார்த்தார்கள். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு வந்தவர்கள். காப்பெட் விரிப்பை அழுக்காக்கிவிட்டோமோ என்று பயந்திருக்க வேண்டும். அப்புறம் ஒரு படிவம் வந்தது. வருடத்தில் எத்தனை தடவை விமானத்தில் போகிறீர்கள், வீட்டில் எத்தனை வாகனம். இல்லை, இல்லை என்று அவர்களுக்காக நிரப்பிக்கொண்டே போனேன். விறகு என்ற இடத்தில்தான் அகப்பட்டார்கள். நிபுணர் வருத்தத்தோடு தலையை ஆட்டினார்.

கேள்வி நேரத்தில் ஐம்பது தாண்டிய ஒரு அம்மா எழுந்தார்.

“மிஸ், இத கேக்கத்தான் வெள்ளனவே வேன் ஏறுனேன். எங்க லயத்து வீட்டுக் கூரை பூரா ஒழுகுது. மருமக பச்ச ஒடம்போட கைப்புள்ளய வச்சிக்கிட்டு மூலையில ஒடுங்கிக் கெடக்கா. பெரிய மழைக்கு முந்தி நாலு தகரம் குடுப்பாங்களான்னு கேட்டுச் சொல்லுங்க.”

நாலு தகரம் என்று அப்படியே சொல்லியிருக்கலாம். இந்த மாதிரிக் கூட்டங்களில் புழங்கிப் புழங்கி என் நாக்கு கெட்டுப்போயிருந்தது. ‘தீவிர மழைக்கு ஈடுகொடுக்கும் உறைவிடம் குறித்து இவரது சமூகம் கரிசனை கொண்டுள்ளது’ என்று ஆங்கிலத்தில் எடுத்துவிட்டேன். நிபுணருக்கு முகமெல்லாம் மலர்ந்தது. இறங்கி வந்து அந்த அம்மாவின் கையைப் பிடித்தார், படம் எடுக்கச் சொன்னார், அறிக்கையின் முதல் பக்கத்தில் போடுவதாகச் சொன்னார்.

“என்னாங்க மிஸ் சொல்றாரு? தகரம் குடுப்பாங்களா?”

“எழுதிக்கிட்டுப் போறாங்கம்மா” என்றேன்.

வெட்கமாக இருந்தது. தகரம் என்ற சொல் அந்த மனிதரின் காதில் விழவே இல்லை. விழாமல் செய்தவள் நான். உண்மையைச் சொல்லிவிடலாமென்று வெளியே ஓடினேன். அதற்குள் அவர் விமான நிலையத்துக்குப் புறப்பட்டுவிட்டார்.

திரும்பி வந்தபோது ஹோட்டல் ஊழியர்கள் பதாகையை அவிழ்த்துச் சாப்பாட்டுப் பெட்டிக் குப்பையோடு சேர்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“இத வீசத்தானே போறாங்க? நான் எடுத்துக்கவான்னு கேளுங்க மிஸ்.”

இந்தத் தடவை சிங்களத்தில் அப்படியே கேட்டேன். உடனே கொடுத்துவிட்டார்கள். அவர் விரல்களால் அதன் தடிப்பைப் பார்த்தார். திருப்தியாக இருந்திருக்க வேண்டும். தரையில் விரித்து, மூலைக்கு மூலை பிடித்து மடித்தார்.

“எனக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. என்னா மிஸ் போட்டிருக்கு?”

“பூமிய குளிர வைப்போம்னு போட்டிருக்கும்மா.”

மடித்ததை ஒரு தடவை திருப்பிப் பார்த்தார்.

“அப்ப எழுத்த மேல்பக்கமா போட்டுக்கிறேன். உள்ள புள்ள ஏற்கனவே குளிர்ல நடுங்குது.”