அக்காவின் பைக்கு எடுத்த அளவு

எனக்கும் அக்காவுக்கும் இரண்டு வயது வித்தியாசம். உடம்பு மட்டும் ஒன்றுதான். பதுளைத் தையற்காரர் ஒருத்திக்கு அளவெடுத்து இரண்டு பேருக்கும் ரவிக்கை தைத்துவிடுவார். அவளுடைய ரவிக்கையை நான் போட்டுக்கொண்டு போய், அதனால் நடந்த சண்டைகளை எழுதினால் தனிப் புத்தகம் ஆகும். கல்யாணம் ஆன பிறகும் அவள் தூரமாகப் போய்விடவில்லை. ஸ்பிரிங்வெளிப் பக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்திலேயே மேல் லயத்து வீடு ஒன்றுக்கு மருமகளாகப் போனாள். காலையில் ஆள் எண்ணுகிற பெரட்டில் பேர் கொடுத்துவிட்டு மலை ஏறினால் பக்கத்துப் பக்கத்து நிரையில்தான் கொழுந்து பறிப்போம். அவள் கை வேகம். தன் நிரையை முடித்துவிட்டு, கங்காணி பார்க்காத நேரத்தில் என் நிரையிலும் நாலு செடி பறித்து என் கூடையில் போடுவாள். நான் நன்றி சொன்னதே இல்லை. என்னமோ அது எனக்குச் சேரவேண்டிய பங்கு மாதிரி வாங்கிக்கொள்வேன்.

அக்காவின் மாமியார் முந்தின வருஷமே சின்ன மகனோடு இந்தியாவுக்கு, துறையூர்ப் பக்கம் சொந்த ஊருக்குப் போய்விட்டவர். ஐப்பசி மழை தொடங்கிய நேரத்தில் அங்கிருந்து கடிதம் வந்தது. மாமியார் படுத்த படுக்கையாகக் கிடக்கிறார், மூத்த மகன் உடனே வரவேண்டும். மச்சான் போனால் அக்காவும் போகவேண்டும், ஏழு மாதக் கைக்குழந்தையும் போகவேண்டும். படுக்கையில் விழுந்த அந்த அம்மாளை நான் மனதுக்குள் திட்டினேன். பாவம்தான், ஆனாலும் திட்டினேன்.

முன்பெல்லாம் நினைத்தால் கப்பல் ஏறி, நினைத்தால் திரும்பி வருவார்களாம். எங்கள் காலத்தில் எல்லாவற்றுக்கும் தாள் வேண்டும். மச்சான் பதுளைக்கு ஏழெட்டு முறை நடையாய் நடந்து ஒரு பயணத் தாள் வாங்கிவந்தார். அதில் திரும்பி வருவதற்கு ஒரு தேதி போட்டிருந்தது, வைகாசிக் கடைசி. அதற்குள் வந்து இறங்காவிட்டால் இந்த நாட்டுக்குள் மறுபடி விடமாட்டார்கள் என்று தோட்டத்துக் கிளாக்கர் ஐயா படித்துச் சொன்னார். அம்மா அந்தத் தேதியை அவரை மூன்று முறை சொல்லவைத்துக் கேட்டாள்.

அப்பேர்ப்பட்ட தாளை மச்சானிடம் கொடுத்துவைக்க அக்காவுக்குத் தைரியமில்லை. மச்சான் நல்லவர்தான், ஆனால் அரிசிக் கூப்பனை ஓடைத் தண்ணீரில் விட்டுவிட்டு வந்து நின்றவர். அவர் தலையில் டிரங்குப் பெட்டி இருக்கும், இவள் இடுப்பில் குழந்தை இருக்கும். ஒரு நாள் கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு வரும்போது அக்கா என்னிடம் சொன்னாள்.

“ரெண்டு கையும் சும்மா இருக்கணும்டி. குறுக்கால மாட்டிக்கிற மாதிரி ஒரு பை பின்னிக் குடு.”

கொக்கி ஊசியால் நூல் பின்ன எனக்குத் தெரியும் என்பது தோட்டம் முழுக்க அறிந்த விஷயம். அதை எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கிளாக்கர் ஐயாவின் யாழ்ப்பாணத்து மனைவிக்குப் பிரசவமானபோது மூன்று மாதம் அவர் வீட்டில் வேலைக்குப் போனேன். அந்த அம்மா மேசைக்கு விரிக்க வெள்ளை நூலில் பூப்பூவாகப் பின்னுவார். நான் துணி காயப்போடுகிற சாக்கில் சன்னலோரம் நின்று பார்த்துக் கண்ணாலேயே திருடிக்கொண்டேன். ஊசியைப் பதுளைக் கடைவீதியில் முஸ்லிம் நானா ஒருவர் கடையில் வாங்கினேன். லயத்துப் பிள்ளைக்கு இது எதற்கு என்று அந்த நானா கேட்க, உங்கள் தொப்பியைப் பின்னத்தான் என்றேன். சிரித்துக்கொண்டே கொடுத்தார்.

பைக்கு அளவெடுத்தது மலையில்தான். சாயங்காலம் ஆனால் அவளுக்குப் பிள்ளை, எனக்கு அடுப்பு. ஆகவே ஒரு தூறல் நாளில், கூடைகளை இறக்கி வைத்துவிட்டு, அக்காவைச் செடிகளுக்கு நடுவே நிற்கவைத்து, ஒரு சணல் துண்டை வலது தோளிலிருந்து இடது இடுப்புவரை குறுக்கே பிடித்துச் சுற்றி அளந்தேன். கங்காணி மேட்டிலிருந்து, கல்யாணப் பெண்ணுக்கா அளவெடுக்கிறாய் என்று கத்தினார். அவசர அவசரமாகச் சணலில் முடிச்சுப் போட்டு மடியில் செருகிக்கொண்டேன்.

வெள்ளை நூல் வாங்கியது முதல் தப்பு. கொழுந்துக் கறை ஏறிய விரலால் நாலு வரிசை பின்னுவதற்குள் நூல் அழுக்குத் துணி போல் ஆகிவிட்டது. பிரித்தெடுத்து, நூல் முழுவதையும் தேயிலைச் சாயத்தில் போட்டுக் கொதிக்கவைத்தேன். நல்ல காவி நிறம் வந்தது. பிறகு அழுக்குக்குப் பயமில்லாமல் பின்னினேன். தாளை இரண்டாக மடித்து வைக்கிற அகலம். உள்ளே ஓர் ஓரத்தில் அம்மைப்பால் குத்திய சீட்டுக்கும் ரயில் சீட்டுக்கும் தனி அறை. அடியில் குழந்தையின் ஓம வாட்டர் போத்தல், சீப்பு, விபூதிப் பொட்டலம், ஊக்கு எல்லாம் கொள்ளும். மூடிக்கு ஒரு பித்தளைப் பொத்தான். வார் இழுபடாமல் இருக்கவேண்டும் என்று மூன்று சங்கிலிப் பின்னலைச் சேர்த்து இறுக்கிப் பின்னினேன். மெதுவாகப் பின்னினால் அவள் போவது தள்ளிப்போகும் என்று நினைக்கிற அளவுக்கு நான் மடச்சி இல்லை. இருந்தும் கடைசி வரிசையை முடிக்க மூன்று நாள் எடுத்துக்கொண்டேன்.

போட்டுப் பார்க்கிறேன் என்று அக்கா கேட்டாள். கொடுக்கவில்லை. ஸ்டேசனில் எல்லோரும் பார்க்க நானே மாட்டிவிட வேண்டும் என்று எனக்கு ஒரு கெப்பர்.

கார்த்திகையில் ஒரு காலை பதுளை ஸ்டேசனில் மாட்டிவிட்டேன். பை அவள் முழங்காலில் போய் இடித்தது.

அக்கா குனிந்து பார்த்தாள். “இதென்னடி, மாட்டுக்கு மணி கட்டின மாதிரி?” என்றாள். அம்மா, அப்பா, மச்சான் எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்து பெஞ்சில் இருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. மலையில் நான் அளந்தது அக்காவை அல்ல. மழைக்குப் போட்டுத் தலையிலிருந்து முதுகுவரை தொங்கிய கம்பளியையும், இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்கையும், அதற்குள் எங்கோ இருந்த அக்காவையும் சேர்த்து அளந்திருக்கிறேன். மெல்லிய வாயில் சேலையில் வந்து நின்றவள் பாதி ஆளாக இருந்தாள். நாளும் பொழுதும் கம்பளிக்குள் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது தோன்றவே இல்லை.

கொடு, பத்து நிமிஷத்தில் வாரைப் பிரித்துச் சுருக்கித் தருகிறேன் என்றேன். மணி அடித்துவிட்டார்கள். அக்கா வாரைத் தோள் பக்கம் மடக்கி ஒரு பெரிய முடிச்சுப் போட்டாள். பை இடுப்புக்கு வந்தது. தாளை அதற்குள் வைத்து, பொத்தானை மாட்டி, மேலே கையால் ஒருமுறை தட்டிப் பார்த்தாள்.

“விடுடி. வந்ததும் சுருக்கிக் குடு,” என்றாள்.

அன்று அவள் சொன்னதில் எனக்கு மிஞ்சியது அதுதான். வேறு ஏதேதோ பேசினோம், குழந்தையைக் கொஞ்சினோம், ஒன்றும் நினைவில் இல்லை.

மலையில் அவள் நிரையை வேறொருத்திக்குக் கொடுத்தார்கள். நல்ல பெண்தான். ஆனாலும் அவள் இருமினால்கூட எனக்கு எரிச்சலாக வந்தது. என் கூடை நிறைய நேரமானது, கங்காணியிடம் பேச்சு வாங்கினேன். அக்கா இல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். வீட்டில் இருந்தபோது அவளோடு போடாத சண்டையில்லை, அந்தச் சண்டைக்கும் ஏங்கினேன்.

கடிதம் மாதம் ஒன்று வரும். அக்காவுக்கு எழுத்து வராது, எழுதுவது மச்சான். நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்புவரை படித்தவள் என்பதால் படிப்பது நான். யாவரும் சுகம், உங்கள் சுகமறிய ஆவல் என்று தொடங்கி, யாவரும் சுகம் என்றே முடிப்பார். தை மாதத்தில் மாமியார் தவறிவிட்டார். காரியம் முடிந்ததும் கிளம்புவார்கள் என்றிருந்தோம். பிறகு மச்சானுக்குக் காய்ச்சல் என்று வந்தது, பிறகு தம்பியோடு வீட்டுப் பிரச்சினை என்று வந்தது. வைகாசிக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, யாரும் சொல்லாமலே நான் பஸ் ஏறிப் பதுளை ஸ்டேசனுக்குப் போய் நின்றேன். ரயில் வந்து, எல்லோரும் இறங்கி, பெட்டியெல்லாம் காலியான பிறகும் நின்றேன்.

ஆனியில் வந்த கடிதத்தில் மச்சான் எழுதியிருந்தார். தாளின் தேதி கடந்துவிட்டது, இனி இங்கேயே ஒரு வழி பார்த்துக்கொள்கிறோம், யாவரும் சுகம். ஓரத்தில் ஒரு வரி: வெளியே போனால் உன் பையைத்தான் மாட்டுகிறாள், முடிச்சு தோளை அறுக்கிறது என்கிறாள்.

இது போதாதா எனக்கு. அன்றே பதில் எழுதினேன். நான் வேறு பை பின்னி அனுப்புகிறேன். இந்த முறை அளவை அக்காவே எடுக்கவேண்டும், மச்சான் கை வைக்கக் கூடாது. சேலை ரவிக்கையோடு நேராக நின்று, இடது இடுப்பில் தொடங்கி வலது தோள் மேலாகச் சுற்றி அதே இடுப்பில் முடிக்கவேண்டும், நூலின் இரண்டு முனையிலும் முடிச்சு வேண்டும். தையற்காரர் தோற்றார், அவ்வளவு விளக்கம்.

ஒரு மாதம் கழித்து உறை வந்தது. யாவரும் சுகம் என்ற தாளுக்குள் நூல் சுருட்டி வைத்திருந்தது. இரண்டு முனையிலும் முடிச்சு. ஒன்று போதாதென்று ஒவ்வொரு முனையிலும் இரண்டு முடிச்சு போட்டிருந்தாள். அக்காதான். அவள் எதையும் ஒரு முடிச்சோடு விடமாட்டாள்.

லயத்து வாசலில் நின்று என் இடுப்பில் ஒரு முனையைப் பிடித்துத் தோள் வழியாகச் சுற்றினேன். முனைகள் சேரவில்லை. ஒரு சாணுக்கு மேல் இடைவெளி இருந்தது. சேலைக் கொசுவத்தைத் தளர்த்திவிட்டு மறுபடி பிடித்தேன். மூச்சை இழுத்துக்கொண்டு பிடித்தேன். சேரவில்லை. அவளுக்குத் தைத்த ரவிக்கைதான் அன்று என் உடம்பில் இருந்தது.

அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் எழுந்து வந்தாள். நூலை என்னிடமிருந்து வாங்கி, தானே என்மேல் ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். முனைகளுக்கு நடுவே கையை விரித்து வைத்தாள்.

“வரச் சொல்லி எழுது,” என்றாள்.

தாள் செத்துவிட்டது அம்மா, விடமாட்டார்கள் என்றேன். கிளாக்கர் ஐயா சொன்னதை எல்லாம் திரும்பச் சொன்னேன். அம்மா தலையாட்டிக் கேட்டாள். தேதியும் அவளுக்கு மறக்கவில்லை.

“தெரியும். நீ எழுது.”

உட்கார்ந்து எழுதினேன். சுகம் விசாரிக்கவில்லை, பையைப் பற்றி எழுதவில்லை. படிக்கப்போவது மச்சான் என்று தெரிந்தும் அக்காவின் பேரைத்தான் மேலே போட்டேன். வந்துவிடு என்று எழுதினேன். அது ஒரு வரியில் முடிந்துவிட்டது. தாளில் நிறைய இடம் இருந்ததால் அதையே இன்னொரு முறையும் எழுதினேன்.