காதுக்கு மட்டும் டச்சு

ஆம்பூரில் பொய் சொல்லக் கூச்சப்படுகிறவன் ஷூ கம்பெனியில் வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்சண்டைசராகக் குப்பை கொட்ட முடியாது. எலியாஸ் அதில் புலி. கட்டிங்கே தொடங்காத பூட்ஸைப் பற்றி, "பேக்கிங் நடக்குது சார்" என்று போனில் இங்கிலீஷில் அவன் சொன்னால், கேட்கிறவர்களுக்கு அட்டைப்பெட்டி மடிக்கிற சத்தமே கேட்கும். ஞாயிறு தவறாமல் சர்ச்சில் பாவ அறிக்கை சொல்வான். திங்கள் காலை மறுபடி போன் அடிக்கும். பாவம், அவன்தான் என்ன செய்வான்!

இரண்டாயிரத்து ஏழில் ஹாலந்துக்காரர்களின் ஆர்டர் வந்தது. அவர்கள் நம்மிடம் இங்கிலீஷில் இனிக்க இனிக்கப் பேசிவிட்டு, தங்களுக்குள் டச்சில் முணுமுணுத்துக்கொள்வார்கள். ஜி.எம். கோதண்டபாணிக்கு அது பொறுக்கவில்லை.

"இன்னாதான் பேசிக்கிறாங்கன்னு தெரிஞ்சாவணும்பா. நீ நெட்ல டச்சு கத்துக்கோ, கம்பெனி செலவு. அவங்க வர்றப்போ ஒண்ணும் தெரியாத மாதிரி உக்காந்து கேட்டுக்கோ. சரியா செஞ்சா நீதான் மேனேஜர்."

எலியாஸ் அதை வீட்டில் சொன்னதுதான் தப்பு. அவன் மனைவி ஹெப்சி அந்த வாரமே, "எங்க வூட்டுக்காரர் மேனேஜர் ஆய்ட்டாரு" என்று சர்ச் முழுக்கச் சொல்லி முடித்துவிட்டாள். இனிமேல் கோட்டை விட்டால் ஊரில் தலைகாட்ட முடியாது.

பஜாரில் இருந்த பிரவுசிங் சென்டரில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தான். திரையில் மரைகே என்றொரு டீச்சரம்மா. இலக்கணம் கிடையாது, புத்தகம் கிடையாது, வெறும் பேச்சு. காலையில் என்ன சாப்பிட்டாய்? மழை பெய்ததா? மனைவியோடு சண்டையா? கேட்ட மாத்திரத்தில் பதில் வந்தாக வேண்டும், யோசித்தால் அந்தம்மா விடமாட்டாள். உள்ளதைச் சொல்லவே நாக்குத் தள்ளியது. கதை கட்ட ஏது நேரம்? இட்லி என்றால் இட்லி, சண்டை என்றால் சண்டை. சில மாதங்களில் டச்சு தண்ணீர்பட்ட பாடாகிவிட்டது. அந்தப் பாஷையில் அவன் ஒரு பொய்கூடச் சொல்லிப் பழகவில்லை என்பது மட்டும் யாருக்கும் உறைக்கவில்லை.

சரக்கு ஏற வேண்டிய மாதத்தில் ஹாலந்துக்காரர்கள் இருவர் வந்து இறங்கினார்கள். ஏசி ரூமில் முந்திரி, பிஸ்கட், இளநீர். எலியாஸ் சாம்பிள் பூட்ஸை மடியில் வைத்துக்கொண்டு மூலையில் ஊமை மாதிரி உட்கார்ந்திருந்தான். "கூட்ஸ் ஃபுல்லி ரெடி சார்!" என்றார் கோதண்டபாணி. வந்தவர்களில் பெரியவர் தலையாட்டிவிட்டு, கூட இருந்தவரிடம் டச்சில் கேட்டார்: "சரக்கு நிஜமாகவே தயாராக இருக்குமா?"

கேள்வி காதில் விழுந்ததுதான் தாமதம். "இல்லைங்க, தோல் இன்னும் பதனிடுகிற டேனரி டிரம்மில்தான் சுற்றிக்கொண்டிருக்கிறது" என்று சுத்தமான டச்சில் பதில் சொல்லிவிட்டான் எலியாஸ்.

ஐயையோ! மேனேஜர் நாற்காலியும் போச்சு, இருக்கிற நாற்காலியும் போச்சு. ஹெப்சியின் முகம் கண்முன்னே வந்து நின்றது. வந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். பிறகு பெரியவர் விழுந்து விழுந்து சிரித்து அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஒன்றும் புரியாத கோதண்டபாணியும் சேர்ந்து சிரித்து வைத்தார்.

"இன்னாய்யா சொன்னே?" என்று சிரிப்பு மாறாமலே கேட்டார். எலியாஸ் சொன்னான்.

"அடப்பாவி! காதுக்குத்தானே காசு கட்டிப் படிக்க வெச்சேன், வாய்க்கு எவன் சொன்னது?"

பெரியவரோ, நிஜத்தைச் சொல்ல ஒரு ஆளாவது இருக்கிறானே என்று, சரக்கு அனுப்ப மூன்று வாரம் கூடுதலாகக் கொடுத்தார். ஒரே ஒரு நிபந்தனை: இனி தங்களோடு எலியாஸ்தான் பேச வேண்டும், அதுவும் டச்சில்.

எலியாஸ் மேனேஜர் ஆனான், வேறு வழி? அதற்கப்புறம் ஹாலந்து போன் அடித்தால் போதும், கோதண்டபாணி தன் அறையிலிருந்து வேர்க்க விறுவிறுக்க ஓடிவருவார்.

"எலியாஸு, கண்ணு, உன்னைக் கும்புட்டுக்கறேன். இங்கிலீஷ்லயே பேசுப்பா!"