வலி கூடினால் அவசரம் குறையுமா?

தம்பெரேயில் எங்கள் அலுவலகத்தார் காலை பத்தே முக்காலுக்கெல்லாம் மதியச் சாப்பாட்டுக்கு எழுந்துவிடுவார்கள். பின்லாந்துக்கு வந்து ஆறு வருடமாகியும் என் வயிறு இதற்கு இசையவில்லை. மதுரையில் அது டீயும் வடையும் சாப்பிடுகிற நேரம். என் முதல் வேலை விளாங்குடியில், திண்டுக்கல் ரோட்டோரத்து மாடியொன்றில் இருந்த சின்ன மென்பொருள் கம்பெனியில். அங்கே ஜோதி வடைப் பொட்டலத்தைப் பிரித்தால் மணி பதினொன்று என்று அர்த்தம். இங்கே தட்டில் அவித்த உருளைக்கிழங்கோடு உட்காரும்போதெல்லாம் எண்ணெய் ஊறிய அந்தக் காகிதத்தின் வாசம் வந்து போகும்.

ஜோதியும் நானும் டெஸ்டர்கள். மற்றவர்கள் எழுதிய நிரல்களில் தப்புக் கண்டுபிடிப்பதுதான் வேலை. முதலில் எங்களிடம் வந்தது பஸ் வழி சொல்லும் நிரல். இரண்டு இடங்களைக் கொடுத்தால், மிகக் குறைந்தது எவ்வளவு நேரத்தில் போய்ச் சேரலாம் என்று சொல்லும். வில்லாபுரத்திலிருந்து விளாங்குடிக்கு ஐம்பத்திரண்டு நிமிடம் என்றது. வில்லாபுரம் எங்கள் வீடு இருக்கும் இடம். நான் தினமும் வரும் வழி. ஆனாலும் அந்த ஐம்பத்திரண்டு சரியா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

"சரியான விடை நமக்கே தெரியாதப்ப, எதை வச்சுடி தப்புன்னு சொல்றது?" என்றேன்.

ஜோதி கேள்வியைக் கொஞ்சம் மாற்றினாள். மாட்டுத்தாவணி வழியாகத்தான் போகவேண்டும் என்று சேர்த்துக் கொடுத்தாள். நாற்பத்தாறு நிமிடம் என்று வந்தது. அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"ஊரைச் சுத்திப் போனா சீக்கிரம் போயிரலாமாம் ஈசு. விடை தெரியாட்டி என்ன, இதுவும் அதுவும் ஒத்துவரலைல்ல?"

அதற்கென்று ஒரு முறையே இருக்கிறது என்று பிறகுதான் படித்தோம். ஒரு விடையைத் தனியாகச் சோதிக்க வழியில்லாதபோது, கேள்வியைச் சற்று மாற்றி மறுபடி கேட்பது. இரண்டு விடைகளுக்கும் நடுவே இருக்கவேண்டிய உறவு இருக்கிறதா என்று பார்ப்பது. ஆயிரம் ஜோடிக் கேள்விகளைக் கணினியே உண்டாக்கிப் பார்த்துவிடும். எந்த உறவைப் பார்ப்பது என்று மட்டும் மனிதர் சொல்லவேண்டும்.

அந்த மாடியில் ஒரு வடை நேரத்தில்தான் அம்மாவின் போன் வந்தது. அப்பா மயங்கி விழுந்துவிட்டார் என்றாள். அப்பா அவனியாபுரம் பக்கம் அடுத்தவர் வயலில் கூலிக்கு உழைத்து எங்களைப் படிக்க வைத்தவர். யாருக்கும் சிரமம் தரக்கூடாது என்பது அவர் உடம்பில் ஊறிய பழக்கம். அன்று காலை தெருமுனை கிளினிக்குக்குத் தனியாகப் போய், "நெஞ்சு கனமா இருக்கு சார், குமட்டிக்கிட்டும் வருது, நேத்துத் தின்ன புரோட்டா ஒத்துக்கலை போல" என்று காரணத்தையும் தானே சொல்லியிருக்கிறார். வாயு மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். நெஞ்சு கனத்தை மட்டும் சொல்லியிருந்தால் ஒருவேளை பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பார்கள். ஜோதி எதுவும் கேட்காமல் வண்டியை எடுத்தாள். வழி நெடுக அவள் முதுகில் நெற்றியை முட்டுக்கொடுத்தபடி போனேன். மாரடைப்பு. அப்பா பிழைத்துக்கொண்டார். ஆனால் அதற்குப் பிறகு மாடிப்படி ஏற அவரால் முடியவில்லை.

போன குளிர்காலத்தில் இங்கே என்னிடம் வந்த நிரல், அவசர உதவிக்கு அழைப்பவர் சொல்வதை வைத்து, எவ்வளவு அவசரம் என்று நூற்றுக்கு மதிப்பெண் போடுவது. எது சரியான எண் என்று யாருக்கும் தெரியாது. நான் வைத்த உறவு ஒன்றே ஒன்று: ஆபத்தான வலியோடு இன்னொரு தொந்தரவும் சேர்ந்தால் எண் கூடலாம், அப்படியே நிற்கலாம், குறையக்கூடாது. கணினி ஓடி முடித்துத் தந்த பட்டியலில் ஒரு வரி கண்ணில் பட்டது. நெஞ்சு வலி, எண்பத்திரண்டு. நெஞ்சு வலியும் குமட்டலும், நாற்பத்தொன்று. அன்று கிளினிக்கில் அப்பா சொன்ன அதே இரண்டும்.

கூட்டத்தில் இதைக் காட்டினேன். எங்கள் குழுத் தலைவர் பெத்ரி திரையைப் பார்த்து "நீன்" என்றார். பின்னிஷில் அது 'ம்' கொட்டுவது மாதிரி. பிறகு அவரும் பேசவில்லை, மற்றவர்களும் பேசவில்லை. வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்களுக்கு அந்த மௌனம் தெரிந்திருக்கும். நம் ஊரில் பெரியவர்கள் இப்படிப் பேசாமல் இருந்தால், முடியாது என்று அர்த்தம். ஜோதி பக்கத்தில் இருந்தால் நன்றாக இருக்குமே என்று தோன்றியது. நான் மறுபடி பேசினேன். அப்பா, கிளினிக், புரோட்டா என்று எல்லாவற்றையும் தட்டுத்தடுமாறி ஆங்கிலத்தில் சொன்னேன்.

பெத்ரி குழப்பத்தோடு என்னைப் பார்த்தார். "நீங்கள் முதல் தடவை காட்டியபோதே வெளியீட்டை நிறுத்துவதென்று முடிவு செய்துவிட்டேன். எப்படிச் சரிசெய்வதென்று யோசித்துக்கொண்டிருந்தோம்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "அப்பா இப்போது எப்படி இருக்கிறார்?" என்று கேட்டார்.

தப்பைச் சரிசெய்ய மூன்று வாரம் ஆயிற்று. அதன்பின் பெத்ரி இன்னொரு உறவைச் சொன்னார். ஒரே வலியை எந்த மொழியில் சொன்னாலும் ஒரே எண் வரவேண்டும். தமிழ் வாக்கியங்களைச் சேர்ப்பது என் பொறுப்பு. அப்பாவுக்குப் போன் போட்டு, நெஞ்சு வலியை எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டேன்.

"அங்க யாருக்குத் தாயி நெஞ்சு வலி?"

"யாருக்கும் இல்லப்பா. அன்னைக்கு உங்களுக்கு எப்படி இருந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க."

"அம்மிக்கல்லத் தூக்கி வச்ச மாதிரி இருந்துச்சு. இம்புட்டு வலியான்னு பயந்துட்டேன். அத எப்படி வெளிய சொல்றதுன்னுதான் புரோட்டாவச் சொன்னேன்."

அதை அப்படியே நிரலில் அடித்தேன். எண்ணைக் காட்டும் முன், அழைக்கிற எல்லோரிடமும் கேட்பதை அது என்னிடமும் கேட்டது: இப்போது எங்கே இருக்கிறீர்கள்? விரல்கள் தாமாக வில்லாபுரம் என்று அடித்துவிட்டன. இந்த இடம் எங்கள் எல்லைக்குள் இல்லை என்றது நிரல். அழித்துவிட்டு, நான் குடியிருக்கும் தெருவின் நீண்ட பின்னிஷ் பெயரை ஓரெழுத்தும் பிசகாமல் அடித்தேன். ஏற்றுக்கொண்டு, எண்பத்திரண்டு என்று காட்டியது. அந்த முகவரிக்குக் கீழே, தமிழில், அப்பாவின் அம்மிக்கல் இருந்தது.