கம்பம் நட்ட வாரம்

எனக்கு அம்மை போட்டிருப்பது என்னைப் பெற்றவளுக்குத் தெரியும் முன்பே பள்ளிக்கூடம் முழுக்கத் தெரிந்துவிட்டது. அப்போது நான் மூன்றாம் வகுப்பு. அன்னூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். மேற்குத் தெருவில் இரண்டு பிள்ளைகளுக்கு அம்மை என்று கேள்விப்பட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்து நர்சம்மா எங்களைப் பரிசோதிக்க வந்துவிட்டார். வராந்தாவில் வரிசையாக நிற்க வைத்து, நெற்றியில் காய்ச்சல் பார்த்து, சட்டையை விலக்கி டார்ச் அடித்தார். கணக்குப் பாடம் போனதில் எங்களுக்கு ஒரே கொண்டாட்டம்.

என் முறை வந்தது. டார்ச் வெளிச்சம் என் தோள்பட்டையை விட்டு நகரவில்லை.

“இதென்ன கண்ணு, இத்தனை பவுடர் அப்பியிருக்குது?”

“வேர்க்குருங்க. அத்தை போட்டுவிட்டாங்க.”

ஈரத் துணியால் துடைத்துப் பார்த்தார். அடியில் நீர்கோத்த கொப்புளங்கள் நாலைந்து இருந்தன. அத்தை எங்கே இருக்கிறார் என்று கேட்டார்.

“எங்க ஊட்லதானுங்க. பாப்பா பொறக்கப்போகுதுங்க. நான் அத்தை பக்கத்துலதான் படுத்துக்குவேன்” என்றேன் பெருமையாக.

நர்சம்மாவின் முகம் மாறிவிட்டது. மீதி வரிசையை உடன் வந்தவரிடம் ஒப்படைத்துவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். நடை என்று பெயர்தான், நான் பின்னாலேயே ஓடினேன். நான் என்ன தப்பு செய்தேன் என்று கேட்கவும் பயமாக இருந்தது.

அத்தை தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். மாமா லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போயிருந்தார். என்னைப் பார்த்ததும், “ஏஞ்சாமி, அதுக்குள்ள பள்ளிக்கூடம் உட்டாச்சா?” என்று கையை நீட்டிக்கொண்டு வந்தாள்.

“கிட்ட வராதீங்க!” என்று நர்சம்மா போட்ட சத்தத்தில் அத்தை அப்படியே நின்றுவிட்டாள். அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். அப்பா போய்க் கோயிலில் இருந்த பெரியப்பாவை அழைத்து வந்தார்.

பெரியப்பா கோயிலில் இருந்ததற்குக் காரணம் உண்டு. மாரியம்மன் திருவிழாவுக்காக அந்த வாரம்தான் கம்பம் நட்டிருந்தார்கள். கோயில் முன்னால் கம்பம் என்கிற அந்த மூன்று கிளை மரத்தை நட்டுவிட்டால், திருவிழா முடிந்து பிடுங்கும்வரை ஊர்க்காரர் யாரும் வெளியூரில் இரவு தங்கக் கூடாது. தங்கினவர் பிறகு கம்பத்தில் கை வைக்கக் கூடாது. இதைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்து வந்தவர் பெரியப்பா. பிடுங்கும்போது முதல் கை வைப்பவரும் அவர்தான். திருப்பூர் பனியன் கம்பெனியில் ராத்திரி ஷிப்டு பார்த்துவிட்டு வந்த ஒருவரை, கம்பத்தடியில் ஆட விடாமல், “சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதானப்பா” என்று ஊர் பார்க்க வெளியே அனுப்பியிருந்தார்.

“ஏனுங்க, உங்க தங்கச்சிக்குச் சின்னதுல அம்மை போட்டுதுங்களா?” என்று கேட்டார் நர்சம்மா.

பெரியப்பா யோசித்தார். “இல்லீங்க. எங்க அண்ணந்தம்பி மூணு பேருக்கும் ஒண்ணாப் போட்டுது. அப்ப இவ பொறக்கவே இல்லீங்க.”

“அப்படீன்னா இப்பவே கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருங்க. பிரசவத்தை ஒட்டி இவங்களுக்கு வந்துச்சுன்னா கொழந்தை உசுருக்கே ஆபத்துங்க. ஊசி போடோணுமான்னு டாக்டருங்க பாப்பாங்க. இங்க சரியாகற வரைக்கும் இவங்க இந்த ஊட்டுப் பக்கமே வரக்கூடாதுங்க.”

“கம்பம் நட்டிருக்குதுங்களே” என்றாள் அம்மா, பெரியப்பாவைப் பார்க்காமல்.

“எங்கூர்லயும் நட்டிருக்குதுங்க அம்மணி. பொழுதோட நானும் ஊடு போய்ச் சேரோணும். ஆனா இது வேறீங்க” என்றார் நர்சம்மா.

பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கோயில் பக்கம் நடந்துவிட்டார். மறுத்துவிட்டார் என்றே எல்லோரும் நினைத்தோம்.

என்னைப் பின்னறையில் படுக்க வைத்தார்கள். சாமி குத்தம் ஆகிவிடுமோ, பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று அத்தை முன்னறையில் அழுவது கேட்டது. யார் பேச்சைக் கேட்பது என்று அவளுக்கும் தெரியவில்லை, அவளைத் தேற்றிய அம்மாவுக்கும் தெரியவில்லை. எனக்கோ பாப்பாவை நான்தான் என்னவோ செய்துவிட்டேன் என்பது மட்டும் புரிந்தது.

வெயில் தாழ்ந்த நேரத்தில் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. பெரியப்பா இறங்கினார். நெற்றி நிறையத் திருநீறு பூசியிருந்தார்.

“நான் கூடப் போறனுங்கண்ணா” என்றார் அப்பா.

“நீ ஊருக்குள்ளயே இரு. நான் போயிக்கறேன்.”

அத்தை என் ஜன்னலைப் பார்த்துக் கையை அசைத்தாள். கிட்ட வரவில்லை. ஒரு வார்த்தை சொல்லாமல் போகிறாளே என்று எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பெரியப்பா அன்றிரவு வரவில்லை, அடுத்து வந்த இரவுகளிலும் வரவில்லை. அத்தைக்கு அம்மை வரவே இல்லை. பெண் குழந்தை சுகமாகப் பிறந்தது. அந்த வருஷம் கம்பத்தில் வேறொருவர் முதல் கை வைத்தார் என்று அம்மா தணிந்த குரலில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். வீட்டில் அம்மை இருந்ததால் அப்படி என்று நானாக முடிவு செய்துகொண்டேன்.

அடுத்த வருஷத் திருவிழாவுக்கு அத்தை குழந்தையோடு வந்திருந்தாள். கம்பம் பிடுங்கும் நேரத்தில் பெரியப்பா கூட்டத்துக்குக் கடைசியில் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றார். “வந்து கை வையுங்க, போன வருசத்தோட போச்சுங்க” என்று ஊரார் மாற்றி மாற்றிக் கூப்பிட்டார்கள்.

“கையில கொழந்தை இருக்குதுங்களே. நீங்க பாருங்க” என்றார்.

நான் கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடினேன். “எங்கிட்டக் குடுங்க பெரியப்பா, நான் வெச்சுக்கறேன்” என்று இரண்டு கைகளையும் நீட்டினேன். அவர் வேண்டாம் என்று தலையாட்டி, குழந்தையை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டார்.

என் அம்மை இன்னும் போகவில்லை என்று அவர் பயப்படுவதாக நினைத்தேன். சட்டைக் காலரை ஒதுக்கித் தோளைக் காட்டி, “எனக்குச் சரியாப் போச்சுங்க பெரியப்பா, பாருங்க” என்று அத்தனை பேர் நடுவிலும் அழுதேன்.